'டு' வந்தால் 'இங்' வரக்கூடாதா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சன்டைசராக இருக்கிறேன். பள்ளிப் படிப்பு முழுக்கத் தமிழ் வழி, அப்புறம் பி.காம். தினமும் வெளிநாட்டு பையர்களுக்கு மெயில் எழுத வேண்டும். 'டு'வுக்குப் பிறகு வெர்ப்பின் முதல் வடிவம்தான் வரும் என்று படித்திருக்கிறேன். அதன்படி 'வீ ஆர் லுக்கிங் ஃபார்வர்ட் டு ரிசீவ் யுவர் அப்ரூவல்' என்று எழுதினால், மேனேஜர் 'ரிசீவிங்' என்று திருத்துகிறார். 'வீ ஹேவ் டு சென்ட் பேக் இட்' என்றால் 'சென்ட் இட் பேக்' என்கிறார். சரி, 'இட்' நடுவில்தான் வரும் போல என்று 'வீ நீட் டு லுக் இட் இன்டு' என்று எழுதினேன், அதற்கும் திட்டு விழுந்தது. ஏன் என்று கேட்டால் 'அது அப்படித்தான், பழகிக்கோ' என்கிறார். இதற்கெல்லாம் விதியே கிடையாதா ஐயா? இப்படி இரண்டு மூன்று சொல் சேர்ந்து வருவதைத் தொழில் மெயிலில் எழுதினால் மரியாதைக் குறைவாக இருக்குமோ என்றும் ஒரு சந்தேகம்.
— ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மேனேஜர் திருத்திய மூன்றும் சரி. 'அது அப்படித்தான்' என்று சொன்னதுதான் சரியில்லை. அவருக்கும் யாரும் விளக்கியிருக்க மாட்டார்கள், கேட்டுக் கேட்டுக் காது பழகியிருக்கும். விதி இருக்கிறது. ஆனால் மூன்று திருத்தத்துக்கும் விதி ஒன்றல்ல. முதலாவது 'டு'வைப் பற்றியது. மற்ற இரண்டும் 'இட்' எங்கே உட்கார வேண்டும் என்பதைப் பற்றியவை. மூன்றையும் ஒரே பிரச்சினையாக நினைத்துக்கொண்டு ஒன்றுக்குச் சொன்ன தீர்வை அடுத்ததற்குப் போட்டீர்கள், அதனால்தான் 'லுக் இட் இன்டு' வந்துவிட்டது.

முதலில் 'டு'. பள்ளியில் படித்தது தப்பில்லை, பாதிதான் சொல்லித்தந்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் 'டு' இரண்டு உண்டு. ஒன்று 'வான்ட் டு கோ', 'நீட் டு செக்' என்பதில் வருவது. போக, பார்க்க, கேட்க என்று நாம் சொல்கிறோமே, அந்தச் செய-எச்சத்தின் வேலையை இது செய்கிறது. இன்ஃபினிட்டிவ் என்று சொல்வது இதைத்தான். இதற்குப் பிறகு வெர்ப்பின் முதல் வடிவம் மட்டுமே வரும். மற்றொன்று 'லெட்டர் டு தி பையர்', 'டிரெயின் டு சென்னை' என்பதில் வருவது. அது ப்ரிப்போசிஷன், நம்முடைய 'கு' உருபு மாதிரி. அதை ஒட்டிப் பெயர்ச்சொல்தான் வரும். அங்கே ஒரு வெர்ப்பை வைத்தே ஆக வேண்டும் என்றால் 'இங்' சேர்த்து அதைப் பெயராக்கிவிட வேண்டும். தமிழிலும் 'பெறு'வோடு 'கு'வை அப்படியே ஒட்டிவிட முடியாது. 'பெறுவது' என்று பெயராக்கிய பிறகுதான் 'பெறுவதற்கு' என்று வரும். 'ரிசீவ்' அங்கே 'ரிசீவிங்' ஆவதும் இதே காரணத்தால்தான்.

எது எந்த 'டு' என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 'டு'வுக்குப் பிறகு வெர்ப்பை எடுத்துவிட்டு 'இட்' போட்டுப் பாருங்கள். 'வீ ஆர் லுக்கிங் ஃபார்வர்ட் டு இட்' என்பது முழு வாக்கியமாக நிற்கிறது. அப்படி நின்றால் அது ப்ரிப்போசிஷன், அடுத்து வெர்ப் வந்தால் 'இங்' வேண்டும். 'வீ வான்ட் டு இட்' நிற்கவில்லை, 'வீ டிசைடட் டு இட்' நிற்கவில்லை. நிற்காவிட்டால் இன்ஃபினிட்டிவ், முதல் வடிவம் போதும். பலரும் தடுமாறும் 'யூஸ்ட் டு'வும் இந்தச் சோதனையில் பிடிபட்டுவிடும். 'ஐ ஆம் யூஸ்ட் டு இட்' சரியாக நிற்கிறது. அதனால் 'ஐ ஆம் யூஸ்ட் டு கெட்டிங் அப் அட் ஃபைவ்', அதாவது ஐந்து மணிக்கு எழுந்து எனக்குப் பழகிவிட்டது. 'ஆம்' இல்லாமல் 'ஐ யூஸ்ட் டு இட்' என்று சொன்னால் நிற்கவில்லை. அதனால் 'ஐ யூஸ்ட் டு கெட் அப் அட் ஃபைவ்', முன்பெல்லாம் ஐந்து மணிக்கு எழுவேன், இப்போது இல்லை. ஒரு 'ஆம்' போனதில் அர்த்தமே தலைகீழாகிவிட்டது பாருங்கள்.

மெயிலில் அடிக்கடி வரும் இன்னும் இரண்டு. 'வீ அப்ஜெக்ட் டு பேயிங் ஃபார் ஏர் ஃப்ரெய்ட்', விமானச் சரக்குக் கட்டணத்தை நாங்கள் கட்டுவதை ஏற்க மாட்டோம். 'ஐ ஹேவன்ட் காட் அரவுண்ட் டு செக்கிங் தி லேப் டிப்', லேப் டிப்பை, அதாவது நிறம் சரிபார்க்கச் சாயமேற்றிய சிறு துணி மாதிரியை, பார்க்க இன்னும் நேரம் வாய்க்கவில்லை. இரண்டிலும் 'இட்' போட்டுப் பாருங்கள், நிற்கும். 'தி ஷேட் டர்ன்ட் அவுட் டு பி டார்க்கர்' என்பதில் 'டர்ன்ட் அவுட் டு இட்' நிற்காது, அதனால் அங்கே 'பி'. வெர்ப்போடு 'அவுட்', 'பேக்' மாதிரி ஒரு சிறுசொல் சேர்ந்து வருவதுதான் ஃப்ரேசல் வெர்ப். அதற்குப் பின்னால் வரும் 'டு' எல்லாமே ப்ரிப்போசிஷன் என்று நினைத்துக்கொண்டு 'டு பீயிங்' என்று எழுதிவிடாதீர்கள்.

இனி, அசல் இன்ஃபினிட்டிவுக்குப் பிறகு ஃப்ரேசல் வெர்ப் வரும்போது என்ன நடக்கிறது என்பது. நம் ஆட்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. காரணம் தமிழிலேயே இருக்கிறது, அதைப் புரிந்துகொண்டால் பாதிப் பிழை போய்விடும்.

இரண்டு சொல் சேர்ந்து மூன்றாவது அர்த்தம் தருவது நமக்குப் புதிதல்ல. 'கண்டுபிடி' என்பதில் காண்பதும் இல்லை, பிடிப்பதும் இல்லை. 'விட்டுக்கொடு' என்றால் எதையும் கையில் எடுத்துக் கொடுப்பதில்லை. அதே போலத்தான் 'ஃபைண்ட் அவுட்', 'கிவ் இன்'. ஆனால் தமிழில் உருமாறுவது கடைசிச் சொல். கண்டுபிடிக்க, கண்டுபிடித்தேன், கண்டுபிடிக்கிறோம் என்று எல்லா மாற்றமும் வால் பக்கம்தான் நடக்கும், 'கண்டு' அசையாது. ஆங்கிலத்தில் இது நேரெதிர். 'டு ஃபைண்ட் அவுட்', 'ஃபவுண்ட் அவுட்', 'ஃபைண்டிங் அவுட்' என்று தலைதான் மாறும், 'அவுட்' கல் மாதிரி கிடக்கும். அதனால்தான் வகுப்பில் 'பிக்கப்பிங்', 'செக்கப்பிங்' என்றெல்லாம் காதில் விழுகிறது. சொல்பவர் ஒன்றும் மக்கு இல்லை. தமிழ்க் காது வாலைத் தேடுகிறது, அவ்வளவுதான்.

இதைவிடத் தந்திரமானது 'பண்ணு'. ஃபேனை ஆஃப் பண்ண மறந்துட்டேன், லைட்டை ஆன் பண்ணு, பார்சலைப் பிக்கப் பண்ணணும். இப்படிப் பேசும்போது ஆங்கில வெர்ப்பையே நாம் கழற்றிவிட்டு அந்த இடத்தில் 'பண்ணு'வை மாட்டிவிட்டோம். 'ஸ்விட்ச் ஆஃப்' என்பதில் உண்மையான வெர்ப் 'ஸ்விட்ச்'. நம் பேச்சில் அதைக் காணோம், 'ஆஃப்' மட்டும் மிஞ்சியிருக்கிறது. பிறகு ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்ததும் 'பண்ணு'வை எடுத்துவிடுகிறோம். மிச்சம் இருப்பது 'ஐ ஃபர்காட் டு ஆஃப் தி ஃபேன்'. 'டு'வுக்குப் பிறகு வெர்ப்பே இல்லாத வாக்கியம் இது. தமிழ்நாட்டு அலுவலகங்களில் இதைச் சாதாரணமாகக் கேட்கலாம், ஒருவரும் கவனிப்பதில்லை. பையர் கவனிப்பார். 'டு ஸ்விட்ச் ஆஃப் தி ஃபேன்' அல்லது 'டு டர்ன் ஆஃப் தி ஃபேன்' என்று எழுத வேண்டும். தமிழில் 'பண்ண' என்று மனதில் ஓடும்போதெல்லாம், 'டு'வை அடுத்து என்ன வெர்ப் வைத்தேன் என்று ஒரு நொடி திரும்பிப் பாருங்கள்.

'வீ வான்டட் டு கேவ் அப் தி ஆர்டர்', 'வீ ஹேட் டு வென்ட் பேக்' வகையும் உண்டு. இறந்தகாலம் 'வான்டட்', 'ஹேட்' என்று முன்னாலேயே சொல்லியாகிவிட்டது. 'டு'வுக்குப் பிறகு காலம் கிடையாது, 'கிவ் அப்', 'கோ பேக்'தான். 'கேட்க வந்தேன்' என்பதில் 'கேட்க'வுக்குக் காலம் இல்லை, 'வந்தேன்' அதைச் சொல்கிறது. அதே கணக்கு.

அடுத்து உங்களை அதிகம் படுத்தும் 'இட்'. 'சென்ட் இட் பேக்' சரி, 'லுக் இட் இன்டு' தப்பு. இரண்டுமே இரண்டு சொல் கொண்டவை, ஏன் இந்தப் பாகுபாடு? பின்னால் வரும் சிறுசொல் இரண்டிலும் ஒரே சாதியில்லை. 'பேக்' வெர்ப்புக்குச் சொந்தமானது. அனுப்பினோம், எப்படி? திருப்பி. அது வெர்ப்பைத்தான் விளக்குகிறது, 'இட்'டோடு அதற்கு உறவில்லை, அதனால் தள்ளி நிற்க முடிகிறது. 'இன்டு' ப்ரிப்போசிஷன். அதற்கு ஒரு பெயர்ச்சொல் பின்னால் ஒட்டியே இருக்க வேண்டும். 'இட்'டை முன்னே இழுத்துவிட்டால் 'இன்டு' ஆதரவில்லாமல் தொங்கும்.

பிரிகிற ரகத்தில் முழுப் பெயர்ச்சொல் வந்தால் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். 'வீ ஹேவ் டு சென்ட் பேக் தி சாம்பிள்', 'வீ ஹேவ் டு சென்ட் தி சாம்பிள் பேக்', இரண்டும் சரி. நீங்கள் பாதி நேரம் சரியாகவே எழுதிவிடுவதற்கு இதுதான் காரணம். 'இட்', 'தெம்', 'ஹிம்', 'ஹர்', 'மீ', 'அஸ்' என்று பிரதிப்பெயர் வந்தால் மட்டும் சலுகை கிடையாது, நடுவில்தான் வைக்க வேண்டும். இதற்கு எதிர்ப் பக்கம், பெயர்ச்சொல் நீளமாக இருந்தால் நடுவில் திணிக்காதீர்கள். போன வாரம் வந்த நீல நிறச் சாம்பிள்கள் அனைத்தையும் என்று நீட்டி எழுதிவிட்டு, அதன் கடைசியில் 'பேக்' என்று தனியாக விட்டால், படிப்பவர் அதற்குள் 'சென்ட்'டை மறந்திருப்பார். 'சென்ட் பேக்' என்று முதலில் முடித்துவிட்டு மற்றதைப் பின்னால் ஓட விடுங்கள்.

எது பிரியும், எது பிரியாது? ஓரளவு நம்பக்கூடிய அடையாளம் அந்தச் சிறுசொல்லிலேயே இருக்கிறது. 'அப்', 'அவுட்', 'அவே', 'பேக்', 'டவுன்' வந்தால் பெரும்பாலும் பிரியும்: 'டு சார்ட் இட் அவுட்', 'டு பேக் இட் அப்', 'டு த்ரோ இட் அவே', 'டு நோட் இட் டவுன்'. 'இன்டு', 'அட்', 'ஃபார்', 'வித்', 'ஃப்ரம்', 'ஆஃப்டர்' வந்தால் பிரியாது: 'டு லுக் ஃபார் இட்', 'டு டீல் வித் இட்', 'டு லுக் ஆஃப்டர் ஹர்'. 'ஆன்', 'ஆஃப்', 'ஓவர்', 'இன்', 'த்ரூ' ஆகியவை இரண்டு கட்சியிலும் இருக்கும், அங்கேதான் கவனம் வேண்டும். 'டு ஹேண்ட் இட் ஓவர்' என்றால் ஒப்படைக்க, பிரிகிறது. 'டு கெட் ஓவர் இட்' என்றால் ஒரு வருத்தத்திலிருந்தோ காய்ச்சலிலிருந்தோ மீண்டு வர, பிரியவில்லை. இவற்றைத் தனித்தனியாகத்தான் பிடித்துவைக்க வேண்டும். மூன்று சொல் ரகத்தில் அந்தத் தலைவலி இல்லை. 'டு ரன் அவுட் ஆஃப் இட்', 'டு கம் அப் வித் இட்', 'டு கேட்ச் அப் வித் தெம்' என்று பொதுவாகக் கடைசியில்தான், ஏனென்றால் அங்கே கடைசிச் சொல் ப்ரிப்போசிஷன். 'ரன் அவுட் ஆஃப்' என்பதில் இருக்கும் 'ஆஃப்' ஒற்றை எஃப், ஸ்விட்சில் வரும் இரட்டை எஃப் இல்லை. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது, என்ன செய்வது.

இப்போது உங்கள் கடிதத்தில் இல்லாத, ஆனால் அடுத்த மாதம் நீங்கள் கேட்கப்போகும் ஒன்று. ஃப்ரேசல் வெர்ப் முடிந்த பிறகு இன்னொரு வெர்ப் வந்தால்? 'வீ டிசைடட் டு புட் ஆஃப்...' என்று எழுதிவிட்டீர்கள், ஷிப் செய்வதைத் தள்ளிப்போட. 'டு ஷிப்'பா, 'ஷிப்பிங்'கா? 'ஷிப்பிங்'. 'கிவ் அப்', 'புட் ஆஃப்', 'கேரி ஆன்', 'கீப் ஆன்', 'எண்ட் அப்' எல்லாவற்றுக்கும் பிறகு 'இங்'தான். இங்கே விதி முன்னால் இருக்கும் 'டு'விடம் இல்லை. 'டு' தன் வேலையை 'புட்'டோடு முடித்துக்கொண்டது. 'ஷிப்பிங்' என்பது 'ஆஃப்'புக்குப் பின்னால் வருகிற சரக்கு. ஒரே வாக்கியத்தில் மூன்று வெர்ப் வரிசையாக வந்தாலும் ஒவ்வொன்றும் தனக்கு முன்னால் இருப்பதைத்தான் பார்க்கும். 'வீ டோன்ட் வான்ட் டு எண்ட் அப் பேயிங் ட்வைஸ்': 'வான்ட்' பார்த்து 'டு எண்ட்', 'எண்ட் அப்' பார்த்து 'பேயிங்'. 'கோ ஆன்' மட்டும் இரண்டு பக்கமும் போகும். 'ஷீ வென்ட் ஆன் டாக்கிங்' என்றால் பேசிக்கொண்டே போனாள். 'ஷீ வென்ட் ஆன் டு டாக் அபவுட் ப்ரைஸ்' என்றால் மற்றதை முடித்துவிட்டு விலையைப் பற்றிப் பேசத் தொடங்கினாள்.

'ஸ்டாப்'பிலும் இந்த வித்தியாசம் உண்டு, அதில் காசு போகும். 'வீ ஸ்டாப்ட் சென்டிங் அவுட் சாம்பிள்ஸ்' என்றால் சாம்பிள் அனுப்புவதையே நிறுத்திவிட்டோம். 'வீ ஸ்டாப்ட் டு சென்ட் அவுட் சாம்பிள்ஸ்' என்றால் சாம்பிள் அனுப்புவதற்காக வேறு வேலையை நிறுத்தினோம். பையர் முதலாவதைப் படித்தால் போன் வரும்.

ஆப்ஜெக்டே இல்லாமல் முடியும் வாக்கியங்களும் இருக்கின்றன. நம்மவர்கள் அங்கே ஒரு 'இட்'டைக் கூடுதலாகச் சேர்த்துவிடுவார்கள். 'திஸ் ஃபார்ம் இஸ் ஈஸி டு ஃபில் இன் இட்' தப்பு. நிரப்ப வேண்டியது 'ஃபார்ம்', அது முன்னாலேயே வந்துவிட்டது. 'ஈஸி டு ஃபில் இன்' என்று நிறுத்திவிட வேண்டும். 'தி கார்ட்டன் இஸ் டூ ஹெவி டு பிக் அப்', அவ்வளவுதான். 'வீ ஹேவ் மெனி திங்ஸ் டு லுக் இன்டு' என்று ப்ரிப்போசிஷனில் முடிவதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ப்ரிப்போசிஷனில் வாக்கியம் முடியக்கூடாது என்று ஒரு பழைய கண்டிப்பு உண்டு. 1672-இல் ஜான் டிரைடன் என்ற கவிஞர், தனக்கு முந்தைய தலைமுறை நாடக ஆசிரியர் பென் ஜான்சனிடம் இதை ஒரு குறையாகச் சுட்டிக்காட்டினார். அப்புறம் பள்ளிக்கூடங்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. ஆங்கிலேயர்கள் அதற்கு முன்பும் அப்படித்தான் பேசினார்கள், இன்றும் அப்படித்தான் பேசுகிறார்கள். 'சம்திங் டு லுக் ஃபார்வர்ட் டு' என்பதை வேறு எப்படிச் சொல்லிப் பார்த்தாலும் கோணலாகத்தான் வரும்.

'லெட்', 'மேக்' வந்தால் 'டு' வராது: 'லெட் மீ ஃபைண்ட் அவுட்', 'தே மேட் அஸ் சென்ட் இட் பேக்'. 'லெட் மீ டு செக்' வேண்டாம். ஆனால் 'மேக்' செயப்பாட்டு வினையானால் 'டு' திரும்பி வந்துவிடும்: 'வீ வேர் மேட் டு சென்ட் இட் பேக்'. செயப்பாட்டு இன்ஃபினிட்டிவில் சிறுசொல்லைத் தொலைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 'தி இன்ஸ்பெக்ஷன் ஹேஸ் டு பி கேரீட் அவுட்' என்பதில் 'அவுட்' போனால் இன்ஸ்பெக்ஷனை யாரோ தூக்கிச் சுமப்பது போல ஆகிவிடும்.

இல்லாத சிறுசொல்லைச் சேர்ப்பது இன்னொரு பழக்கம். 'அனேபிள் டு கோப் அப் வித் தி டெலிவரி டேட்' என்று எழுதுகிறார்கள். 'கோப் வித்'தான் உண்டு, நடுவில் 'அப்' கிடையாது. 'கீப் அப் வித்', 'கேட்ச் அப் வித்', 'புட் அப் வித்' என்று நிறைய 'அப் வித்' கேட்டுப் பழகியதால் இதிலும் ஒன்று நுழைந்துவிட்டது. 'டு டிஸ்கஸ் அபவுட்', 'டு ரிட்டர்ன் பேக்' என்பவற்றிலும் பின்னால் இருப்பதை வெட்டிவிடுங்கள். 'லாகின்', 'பேக்கப்', 'செட்டப்' என்று சேர்த்து எழுதினால் அவை பெயர்ச்சொற்கள். 'டு'வுக்குப் பிறகு வந்தால் பிரித்துத்தான் எழுத வேண்டும்: 'அனேபிள் டு லாக் இன்', 'ஃபர்காட் டு பேக் அப் தி ஃபைல்'.

இத்தனையையும் எப்படி நினைவில் வைப்பது என்று மலைக்க வேண்டாம். நான் சொல்லிக்கொடுக்கும் வழி ஒன்றுதான். ஒரு நோட்டுப் போடுங்கள். புதிதாக ஒரு ஃப்ரேசல் வெர்ப் கண்ணில் பட்டால், அதை 'சென்ட் பேக் = திருப்பி அனுப்பு' என்று மொட்டையாக எழுதாதீர்கள். முன்னால் 'டு' போட்டு, 'இட்'டை அதற்குரிய இடத்தில் வைத்து எழுதுங்கள். 'டு சென்ட் இட் பேக்'. 'டு லுக் இன்டு இட்'. 'டு லுக் ஃபார்வர்ட் டு இட்'. ஆப்ஜெக்ட் எடுக்காதது என்றால் 'இட்' இல்லாமல் 'டு பிரேக் டவுன்', மெஷின் பழுதாக. நீங்கள் கேட்ட மூன்று சந்தேகத்துக்கும் அந்த மூன்று வரியிலேயே பதில் இருக்கிறது பாருங்கள். பிரியுமா பிரியாதா என்பதை 'இட்' சொல்லிவிடும். கடைசி 'டு'வை ஒட்டி 'இட்' நிற்பதால் அடுத்து வரும் வெர்ப்புக்கு 'இங்' வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். முன்னால் 'டு' இருப்பதால் கை தானாக முதல் வடிவத்தில் எழுதிப் பழகும். தமிழ் அர்த்தத்தைத் தனிச் சொல்லாக எழுதாமல், உங்கள் வேலையில் வரும் ஒரு வரியாக எழுதுங்கள். 'டு ஹோல்ட் இட் அப்' என்பதற்கு எதிரில் 'அப்ரூவல் வராததால் ஷிப்மென்ட்டைத் தாமதப்படுத்த' என்று இருந்தால் அது மறக்காது.

'டு' போட்டு எழுதுவது நான் கண்டுபிடித்ததல்ல. 1755-இல் வெளிவந்த தன் ஆங்கில அகராதியின் முன்னுரையில் சாமுவேல் ஜான்சன், வெர்ப்போடு சிறுசொல் சேர்ந்து அர்த்தம் மாறும் இந்த வகைதான் வெளிநாட்டினருக்கு மிகப் பெரிய சிரமத்தைத் தருகிறது என்று எழுதி, வரிசையாக உதாரணங்கள் கொடுத்திருக்கிறார். எல்லாமே 'டு கம் ஆஃப்', 'டு பிரேக் ஆஃப்', 'டு செட் அவுட்' என்று இன்ஃபினிட்டிவில்தான் இருக்கும். அவருடைய பட்டியலில் 'டு கிவ் ஓவர்' என்றால் நிறுத்திவிட என்று பொருள், இன்றைக்கு அந்த இடத்தில் 'கிவ் அப்' என்கிறோம். 'டு டேக் ஆஃப்' என்றால் அவருக்கு ஒருவரைப் போலவே செய்து காட்ட. விமானம் வந்து அந்தச் சொல்லைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது, பழைய அர்த்தமும் இன்னும் கொஞ்சம் உயிரோடு இருக்கிறது. அகராதி போட்ட மனிதரே சிரமம் என்று ஒப்புக்கொண்ட இடம் இது. உங்கள் மேனேஜர் திட்டும்போது இதை நினைத்துக்கொள்ளலாம், சொல்லிக்காட்ட வேண்டாம்.

கடைசியாக மரியாதை விஷயம். ஃப்ரேசல் வெர்ப் என்றாலே பேச்சுமொழி, மெயிலுக்கு ஆகாது என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அப்படியெல்லாம் இல்லை. 'வீ வில் லுக் இன்டு இட்', 'ஐ வுட் லைக் டு ஃபாலோ அப் ஆன் தி லேப் டிப்' இரண்டும் தொழில் மெயிலில் இயல்பானவை. சிறுசொல் கூட்டத்தைத் தவிர்க்கிறேன் என்று 'அசர்ட்டெய்ன்', 'கமென்ஸ்' என்று நிரப்பினால் மெயில் வக்கீல் நோட்டீஸ் மாதிரி விறைத்துக்கொள்ளும். ஆனால் இரண்டு இடங்களில் ஒற்றைச் சொல்லை எடுங்கள். ஒப்பந்தம், க்ளெய்ம், அபராதம் என்று வரும்போது 'புட் ஆஃப்'பைவிட 'போஸ்ட்போன்' நல்லது, வேறு மாதிரி அர்த்தம் எடுத்துக்கொள்ள இடம் தராது. அடுத்து, பையர் ஜெர்மனியிலோ ஸ்பெயினிலோ இருந்தால் அவருக்கும் ஆங்கிலம் படித்துக் கற்ற மொழிதான். உங்களுக்குக் கஷ்டமான ஃப்ரேசல் வெர்ப் அவருக்கும் கஷ்டமாக இருக்கலாம்.

மரியாதைக் குறைவு வருவது வடிவத்தால் அல்ல, சில சொற்களின் குணத்தால். 'வீ ஹேவ் ஹேட் டு புட் அப் வித் யுவர் டிலேஸ்' என்று எழுதினால் இலக்கணம் சரி, ஆனால் 'உங்கள் தாமதத்தையெல்லாம் சகித்துக்கொண்டிருக்கிறோம்' என்று முகத்துக்கு நேரே சொல்வதாகும். அதை எழுதாதீர்கள்.

மாறாக, நாம் மரியாதை என்று நினைத்து எழுதும் 'ஐ வில் ரிவர்ட்' வெளியே பலருக்குப் பதில் சொல்வதாகப் படாது, பழைய நிலைக்குத் திரும்புவதாகத் தோன்றும். 'ஐ வில் கெட் பேக் டு யூ' என்பது எளிமையாகவும் தன்மையாகவும் இருக்கிறது. 'ப்ரிப்போன்' நமக்குள் நன்றாகப் புழங்குகிறது, நல்ல சொல்தான், ஆனால் வெளிநாட்டு பையருக்குப் புரியாமல் போக வாய்ப்பிருக்கிறது. தேதியை முன்னுக்குக் கொண்டுவர 'டு ப்ரிங் இட் ஃபார்வர்ட்' என்று எழுதுங்கள். ஷிப்மென்ட் தேதி சம்பந்தப்பட்ட மெயில்களில் இதை மட்டும் நாளைக்கே மாற்றிவிடுவது நல்லது.